விளம்பர இடைவேளையில் அப்பா

"கொக்கியப் போடும்மா" என்று பாண்டியன் சார் மேசையைத் தட்டினார்.

வெயில் கொளுத்திய ஒரு மத்தியானம். கோல் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் எங்கள் தொலைக்காட்சியின் டெல்லி அலுவலகம் இருந்தது. இரண்டு அறைகள், நாலு நாற்காலிகள், காற்றைவிடச் சத்தத்தை அதிகம் தரும் ஒரு கூலர். தண்ணீர் ஊற்றி ஓட்டும் அந்தக் கூலரின் தட்டிகளிலிருந்து நனைந்த வைக்கோல் வாசனை வந்துகொண்டே இருக்கும். அந்த வாசனை எங்கே வந்தாலும் இன்றைக்கும் எனக்கு 'இடைவேளைக்குப் பிறகு' என்று தட்டச்சு செய்யக் கை பரபரக்கிறது.

மத்தியானச் செய்தியில் டெல்லிப் பகுதி எங்களுடையது. நான் இங்கே எழுதி அனுப்புவேன், சென்னையில் ஒரு பெண் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு அதை வாசிப்பாள். அன்று தமிழ்நாட்டிலிருந்து ஒரு கட்சித் தலைவர் டெல்லி வந்திருந்தார். பதவியை ராஜினாமா செய்வாரா மாட்டாரா என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. அவர் செய்யவில்லை என்பது காலையிலேயே எனக்குத் தெரியும். மேலிடத்து வீட்டுக்குப் போனார், சப்பாத்தி சாப்பிட்டார், திரும்பிவிட்டார்.

நான் எழுதியது இது: 'மூடிய கதவுகளுக்குப் பின்னால் நடந்தது என்ன? ராஜினாமா கடிதம் கைமாறியதா? இடைவேளைக்குப் பிறகு.'

இடைவேளைக்கு முன் நாங்கள் போடும் முரசு இசை அதிர்ந்தது. சமையல் எண்ணெய் விளம்பரம் ஆரம்பித்தது. உடனே என் செல்போனும் அடித்தது. திரையில் 'அப்பா'. வழக்கம்தான் என்பதால் நான் ஹலோகூடச் சொல்லவில்லை.

"ஒண்ணுமில்லப்பா. ராஜினாமா பண்ணல. சாப்பிட்டுட்டுப் போயிட்டாரு."

அந்தப் பக்கம் கேட்டது அப்பாவின் குரல் இல்லை. என் அண்ணன் முருகேசனின் குரல்.

"செல்வி, நான் அண்ணன் பேசுறேன். அப்பாவுக்குக் கொஞ்சம் சீரியஸ். நீ உடனே கிளம்பி வா."

இந்த இடத்தில் நிறுத்திவிட்டு வேறு கதைக்குத் தாவுவதுதான் என் தொழில் தர்மம். பத்து வருடத்துக்கு மேல் அதைத்தான் செய்து சம்பளம் வாங்கினேன். ஆனால் அதற்கு நேர் எதிரியான ஒரு மனிதரைப் பற்றிய அத்தியாயம் இது என்பதால் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்று அப்பா சாகவில்லை.

இதற்கு மேலும் வாசிக்கத் தோன்றினால் வாசியுங்கள்.

கொக்கித் தொழில்

பாண்டியன் சார் எங்கள் டெல்லி அலுவலகத்தின் தலைவர். தூத்துக்குடிப் பக்கம். டெல்லிக்கு வந்து எத்தனையோ வருடமாகியும் ஊர்ப் பேச்சை விடாதவர். இந்தியில் பேசினாலும் அதில் கருவாட்டு வாசனை அடிக்கும் என்று அவரே சொல்லிக்கொள்வார். வேலைக்குச் சேர்ந்த அன்று அவர் எனக்குச் சொன்ன ஒரே பாடம்: "விடைய முன்னாடியே வச்சிட்டேன்னா அவன் சேனல மாத்திருவாம்லா. கேள்விய வையி. கேள்வி இருக்க மட்டும் அவன் இருப்பான்."

அந்தக் கேள்வியைத்தான் நாங்கள் கொக்கி என்போம். பார்க்கிறவன் வாயில் மாட்டுவது. மாட்டிவிட்டால் எண்ணெய், பற்பசை, வீட்டுமனை எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பான்.

இதற்கென்று ஒரு தனிப் பாஷை இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து யாரும் டெல்லிக்கு வருவதில்லை. எல்லோரும் 'விரைகிறார்கள்'. ஒருவர் மச்சினி மகள் கல்யாணத்துக்கு வந்தாலும் விரைந்ததாகத்தான் எழுதுவேன். அப்படி விரைந்த ஒரு பெரிய மனிதரின் உதவியாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் நல்ல முருங்கைக்காய் எந்தக் கடையில் கிடைக்கும் என்று விசாரித்தார். அன்று மாலை நாங்கள் ஒளிபரப்பியது 'டெல்லியில் திடீர் ஆலோசனை'.

டெல்லியில் திடீரென்று எதுவும் நடக்காது. என் கணவர் கணேசன் மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசர். அவர் மேசையில் ஒரு ஃபைல் ஒரு கோடையில் வந்து உட்கார்ந்தால் அடுத்த குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அதே மேசையில் இருக்கும். அவர் சாயங்காலம் வீட்டுக்கு வந்து டி.வி.யைப் போட்டால், அவர் மேசையில் தூங்கும் விஷயத்தைப் பற்றி அவர் மனைவி 'அதிரடித் திருப்பம்' என்று எழுதியிருப்பாள். ஆரம்பத்தில் சண்டை போட்டார். பிறகு சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போய்விடுவார்.

எல்லாவற்றையும்விட எங்கள் குலதெய்வம் கேள்விக்குறி. 'அமைச்சர் பதவி பறிப்பு' என்று போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும். 'பறிப்பு?' என்று போட்டால் வராது. ஒரு வளைந்த கோடும் ஒரு புள்ளியும் எங்கள் அலுவலகத்தையே காப்பாற்றிக்கொண்டிருந்தன. அந்தக் கேள்விக்குறியைப் போட மறந்த ஒரே நாளைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன்.

அப்பாவின் தனி வழி

அப்பா திருமங்கலத்தில் கூட்டுறவுப் பண்டகசாலையில் இருந்து ஓய்வு பெற்றவர். பெயர் ராமசாமி. ஆனால் பஸ் ஸ்டாண்டு பக்கத்து மணி டீக்கடையில் அவருக்கு 'டெல்லி' என்று பெயர். ஒரே ஒரு தடவைதான் டெல்லிக்கு வந்தார். ஜனவரியில் வந்து, குளிருக்குப் பயந்து ரஜாய்ப் போர்வைக்குள்ளேயே இருந்துவிட்டு ஊருக்குப் போனார். அது எந்த விதத்திலும் அவருடைய பட்டத்தைப் பாதிக்கவில்லை.

காரணம் இதுதான். மகள் வேலை பார்க்கிற சேனல் என்பதால் டீக்கடையில் எங்கள் சேனலைத்தான் வைக்கச் சொல்வார். நான் கொக்கி போடுவேன். கடையில் எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள். விளம்பரம் வரும். அப்பா மட்டும் மெதுவாக எழுந்து, புளியமரத்தடிக்குப் போய் எனக்குப் போன் போடுவார்.

"என்ன பாப்பா ஆச்சு?"

நான் சொல்வேன். அவர் திரும்பிப் போய், டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "அவரு பண்ண மாட்டாருய்யா. எனக்குத் தோணுது" என்பார். விளம்பரம் முடியும். அவர் சொன்னதேதான் வரும். இப்படி வருடக்கணக்கில் நடந்ததில், அப்பாவுக்கு அரசியல் ஞானதிருஷ்டி இருப்பதாக ஊர் நம்பிவிட்டது. பேரனுக்கு எந்தக் காலேஜில் இடம் கிடைக்கும் என்றுகூட அவரிடம் வந்து கேட்டார்கள்.

ஒரு நாள் நான் கேட்டேன், ரெண்டு நிமிஷம் பொறுத்தால் டி.வி.யிலேயே சொல்லிவிடுவோமே, எதற்கு இந்த அவசரம் என்று.

"எனக்கு அந்த நடுவுல இருக்கிறது ஆகாது பாப்பா" என்றார். "நல்லதோ கெட்டதோ, சொல்லிறணும். நெஞ்சப் போட்டுப் பிசைஞ்சுக்கிட்டு இருக்கக் கூடாது."

என் பிழைப்பே அந்தப் பிசைதல்தான் என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

'சீரியஸ்' என்றால்

டெல்லித் தமிழ்க் குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஊரிலிருந்து வருகிற போனுக்கு எங்களிடம் ஓர் எழுதாத அகராதி உண்டு.

'உடம்புக்கு முடியல' என்றால் ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. 'ஆஸ்பத்திரியில சேத்திருக்கு' என்றால் நிலைமை மோசம். 'கொஞ்சம் சீரியஸ், உடனே கிளம்பி வா' என்றால் போய்ச் சேர்ந்துவிட்டார். அதோடு 'பிள்ளைகளையும் கூட்டிட்டு வா' என்றும் சொன்னால், ஐஸ் பெட்டிக்குச் சொல்லியாயிற்று, நீ வந்ததும் எடுக்க வேண்டியதுதான்.

யாரும் வேண்டுமென்று பொய் சொல்வதில்லை. ரயிலில் இரண்டு நாள் போக வேண்டிய காலத்தில் வந்த பழக்கம் இது. அப்பா செத்துப்போனார் என்று சொல்லிவிட்டால் அந்த இரண்டு நாளும் அவன் எப்படி உட்கார்ந்து வருவான் என்ற கரிசனம். கணேசனின் தந்தை தவறியபோது அவரையும் சீரியஸ் என்றுதான் கூப்பிட்டார்கள். அவருக்குத் தெரியும். எதிர் சீட்டில் இருந்த குடும்பத்துக்கும் தெரியும். ஆனாலும் நாக்பூரில் அந்த வீட்டம்மா எலுமிச்சைச் சாதத்தை நீட்டி, "சாப்பிடுங்க தம்பி, ஒண்ணும் ஆகாது" என்றாராம். இவரும் வாங்கிச் சாப்பிட்டாராம். இப்போது விமானம் வந்துவிட்டது. அகராதி மட்டும் மாறவில்லை.

பாண்டியன் சார் கொக்கியைத் தான் கண்டுபிடித்தது போலப் பேசுவார். நம் சொந்தக்காரர்கள் அவருக்கெல்லாம் அண்ணன்மார்கள்.

ஆக, அண்ணன் 'சீரியஸ்' என்றதும் எனக்கு அர்த்தம் புரிந்துவிட்டது. எப்போது என்று கேட்டேன். நேற்றே மதுரையில் சேர்த்துவிட்டதாகச் சொன்னான். நேற்றே சேர்த்துவிட்டு இன்றைக்குச் சொல்கிறான் என்றால் சந்தேகத்துக்கே இடமில்லை.

"உண்மையச் சொல்லுண்ணே."

"உண்மையத்தான் சொல்றேன். சீரியஸ். கிளம்பி வா, பேசிக்கலாம்."

பேசிக்கலாம் என்கிறான். யாருடைய அண்ணனும் உயிரோடிருக்கிற அப்பாவைப் பற்றி அப்படிச் சொல்ல மாட்டான் என்று எனக்குத் தோன்றியது. அப்பாவின் போன் அண்ணன் கையில் இருக்கிறது. அதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? அப்பா அந்தப் போனைக் குளிக்கப் போகும்போதுகூட வெளியே விட்டுவிட்டுப் போகமாட்டார்.

ஆர்.கே. புரம் வீட்டுக்கு ஓடினேன். கணேசன் ஆபீசிலிருந்து வந்து முதலில் எனக்கு மட்டும் சென்னை வழியாக மதுரைக்கு டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தார். நான் பீரோவைத் திறந்து வெளிர் நிறப் புடவையாகப் பார்த்து எடுத்தேன். கை தானாக அதைத்தான் எடுத்தது. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் எங்கள் மகள் நிலா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். டெல்லியில் பிறந்தவள். தமிழ் பேசுவாள், வாசிக்கமாட்டாள்.

"மம்மி, மாமா சீரியஸ்னுதான சொன்னாங்க? மர் கயே, செத்துட்டாங்கன்னு சொல்லலயே" என்றாள்.

"உனக்குத் தெரியாது, சும்மா இரு" என்றேன்.

சற்றுமுன்

கிளம்பும் முன் பாண்டியன் சாருக்குப் போன் செய்தேன். "சார், அப்பா..." என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் அழுகைதான் வந்தது. அவருக்கும் நம் அகராதி தெரியும். "சரிம்மா, நீ போ, நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

என்ன பார்த்துக்கொள்ளப் போகிறார் என்று நான் யோசிக்கவில்லை.

விமானத்தில் ஜன்னலோர இருக்கை. அழுது முடித்தபோது வேறொரு யோசனை வந்தது, வெட்கமாகத்தான் இருந்தது. அப்பா கடைசியாக என்னைக் கூப்பிட்டது எந்த விளம்பரத்தில்? முந்தாநாள் மாலை, ஒரு மசோதா நிறைவேறுமா என்பதற்காக. வேலை அவசரத்தில், "நிறைவேறும்ப்பா, வச்சிரட்டுமா" என்று வைத்துவிட்டேன். சாப்பிட்டீர்களா என்று கேட்கவில்லை. அதுதான் நெஞ்சை அறுத்தது.

சென்னையில் இறங்கி, மதுரை விமானத்துக்குக் காத்திருக்கும் இடத்தில் போனைத் திறந்தேன். இரங்கல் செய்திகள் வந்து குவிந்தன. டெல்லித் தமிழ் வட்டாரம் முழுவதும் அஞ்சலி செலுத்தியிருந்தது. கூப்பிய கைகளும் ரோஜாப்பூக்களுமாகத் திரை நிறைந்திருந்தது. நிலாவின் மந்திர் மார்க் பள்ளித் தோழியின் அம்மா, அப்பாவின் நற்குணங்களை ஒரு பத்திக்கு எழுதியிருந்தார். அவர் அப்பாவைப் பார்த்ததே இல்லை.

அப்போது போன் அடித்தது. திரையில் 'அப்பா'. அண்ணன்தான் என்று எடுத்தேன்.

"சொல்லுண்ணே. எப்ப எடுக்கிறீங்க?"

"பாப்பா" என்றது போன். "டி.வி.ல கீழ ஓடுதே, அதுல நான் காலமாயிட்டேன்னு போடுறாங்க. கண்ணாடிய எடுத்து மாட்டுறதுக்குள்ள விளம்பரத்தப் போட்டுட்டான். என்ன ஆச்சு, சொல்லு."

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நடந்தது இதுதான். பாண்டியன் சார் பாசத்தில் சென்னைக்குச் சொல்லியிருக்கிறார். அவர்களும் பாசத்தில் 'சற்றுமுன்: எமது டெல்லி செய்தியாளர் செல்வியின் தந்தை, திருமங்கலம் ராமசாமி காலமானார்' என்று எழுத்தை ஓடவிட்டிருக்கிறார்கள். கேள்விக்குறி இல்லை. எத்தனையோ பொய்களைக் கேள்விக்குறி போட்டுக் காப்பாற்றிய சேனல், அது தேவைப்பட்ட ஒரே இடத்தில் உறுதியாக அடித்துச் சொல்லியிருக்கிறது. அப்பாவைத் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து அன்று சாயங்காலம்தான் சாதாரண அறைக்கு மாற்றியிருக்கிறார்கள். மாற்றியதும் அவர் கேட்டது இரண்டு: தன் போன், எங்கள் சேனல்.

"நீங்க சாகலப்பா" என்றேன். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. பக்கத்தில் இருந்த ஒரு வயதான அம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

"நல்லாத் தெரியுமா?"

"தெரியும்ப்பா. நான்தான் தப்பா நெனச்சுட்டேன்."

"அப்ப சரி. மறுப்புப் போடச் சொல்லு. கடையில பாத்திருப்பானுங்க."

பார்த்திருந்தார்கள். மணி கடையை அடைத்துவிட்டு மாலையோடு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாராம். அந்த மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் தெருமுனைப் பிள்ளையாருக்குப் போட்டாராம். பாண்டியன் சாரிடம் மறுப்பைப் பற்றிப் பேசினேன். மன்னிப்புக் கேட்டார். ஆனால் தொழில் புத்தி எங்கே போகும்? "ஏம்மா, இதையே ஒரு ஸ்டோரியாப் பண்ணினா என்ன? 'இறந்தவர் எழுந்தார்! மருத்துவமனையில் நடந்தது என்ன?'" என்றார். போனை வைத்துவிட்டேன். அந்த எழுத்தைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்கள். மறுப்பு இன்றுவரை வரவில்லை. எங்கள் சேனலைப் பொறுத்தவரை அப்பா காலமானவர்தான்.

ஆப்பிள் பைகள்

ஆஸ்பத்திரி வாசலிலேயே அண்ணன் என்னை மறித்து மாடிப்படிப் பக்கம் கூட்டிப்போனான். அவன் முகத்தைப் பார்த்ததும் என் சிரிப்பெல்லாம் போய்விட்டது.

இதயத்தில் மூன்று இடத்தில் அடைப்பு. பைபாஸ் அறுவை செய்தாக வேண்டும், நாளை மறுநாள். அப்பாவுக்குச் சர்க்கரையும் இருப்பதால் கொஞ்சம் பார்த்துத்தான் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவன் சொன்ன சீரியஸ் நிஜமாகவே சீரியஸ்தான். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு தமிழன் அந்தச் சொல்லை அதன் சொந்த அர்த்தத்தில் சொல்லியிருக்கிறான், அதை நான் நம்பவில்லை.

அப்பாவிடம் வாயுத் தொல்லை என்று சொல்லி வைத்திருந்தான். அறுவை அன்று காலையில் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம், இப்போதே சொன்னால் பயத்திலேயே நெஞ்சு நின்றுவிடும் என்றான். "நீ வாயத் தொறக்காத செல்வி. அவருக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா அப்புறம் நீதான்" என்றான். சரி என்று தலையாட்டினேன்.

அறையில் அப்பா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கையில் ஊசி குத்தி டேப் ஒட்டியிருந்தது. அம்மா கால்மாட்டில். கோயம்புத்தூர் சித்தப்பா, விருதுநகர் அத்தை, யார் யாரோ. எல்லோரும் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். எல்லோரும் ஆப்பிள் வாங்கி வந்திருந்தார்கள். ஜன்னல் திட்டு முழுக்க ஆப்பிள் பை. டி.வி.யில் எங்கள் சேனல்.

நான் உள்ளே நுழைந்ததும் அப்பா முகம் மலரும் என்று நினைத்தேன். அவர் முகம் செத்துப்போனது. அப்படியொரு முகத்தை நான் பார்த்ததில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

கையிலிருந்த ரிமோட்டைக் கட்டிலில் வைத்தார். பிறகு எல்லோரையும் பார்த்து, போய்க் காப்பி சாப்பிட்டுவிட்டு வரச் சொன்னார். என்னை மட்டும் இருக்கச் சொன்னார். அண்ணன் வாசலில் நின்று என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனான்.

டி.வி.யில் அந்தப் பட்டுப்புடவைப் பெண், என் இடத்தில் யாரோ எழுதிக்கொடுத்திருக்க வேண்டும், 'தலைவரின் அடுத்த நகர்வு என்ன?' என்று கொக்கி போட்டாள். முரசு அடித்தது. விளம்பரம் வந்தது. அப்பா ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை நிறுத்தினார்.

"பாப்பா, விளம்பரம் போட்டாச்சு. சொல்லு."

நான் ஆப்பிளைப் பார்த்தேன். வாயுதான் என்று சொல்லிவிடலாம். சொல்ல நாக்கும் எழுந்தது.

"எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காத" என்றார். "வாயுக்கு எவனாச்சும் கோயமுத்தூர்ல இருந்து ஆப்பிளோட வருவானா? நீ டெல்லில இருந்து வந்து நிக்கிறேன்னா எனக்கு முடிஞ்சிருச்சுன்னுதான அர்த்தம்? இன்னைக்கா நாளைக்கா, அத மட்டும் சொல்லு."

அவரும் அதே அகராதியை வைத்துத்தான் எங்களைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறார். நாங்கள் சிரிக்கச் சிரிக்க அவர் உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

சொல்லிவிட்டேன். மூன்று அடைப்பு, பைபாஸ், நாளை மறுநாள், சர்க்கரை இருப்பதால் கவனமாகச் செய்ய வேண்டும். ஒன்றையும் விடவில்லை.

"பொழைப்பேனா?"

"நெறையப் பேரு நல்லா எழுந்திரிச்சு நடக்கிறாங்கன்னு டாக்டர் சொல்றாரு. எனக்குத் தெரியலப்பா."

அத்தனை வருடத்தில் விளம்பர நேரத்தில் அவரிடம் 'தெரியல' என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் சத்தமில்லாத டி.வி.யையே பார்த்துக்கொண்டிருந்தார். பற்பசை போனது, வீட்டுமனை போனது.

"இவ்வளவுதானா?" என்றார். "இதுக்கா உங்கண்ணன் ரெண்டு நாளா இந்த இழுப்பு இழுத்தான்? நான் இன்னைக்கு ராத்திரியே போயிருவேன்னுல நெனச்சேன்." ஜன்னலைக் காட்டினார். "அதுல ஒண்ண எடு. நறுக்கு."

சர்க்கரை இருக்கிறதே என்றேன். கால்வாசி போதும் என்றார். தின்றுவிட்டு, செய்தி மறுபடி ஆரம்பிப்பதற்குள் தூங்கிப்போனார்.

அண்ணனிடம் நானே போய்ச் சொன்னேன். அவன் கத்தவில்லை. "நல்லா இருந்தாச் சரி" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். அதற்குப் பிறகு அறுவை அன்று காலை வரை என்னிடம் பேசவே இல்லை.

கதவு

அன்று காலை அப்பாவைத் தள்ளுவண்டியில் கொண்டுபோனார்கள். பச்சை அங்கி, தலையில் பச்சைத் தொப்பி, நெற்றியில் திருநீறு. அறுவை அறை வாசலில் வண்டியை நிறுத்தச் சொல்லி, போனை என்னிடம் கொடுத்தார்.

"உள்ள விடமாட்டாங்களாம். வெளிய வந்து நானே கூப்பிடுறேன்" என்றார்.

கதவு மூடிக்கொண்டது. மேலே ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. அண்ணன் ஒரு பெஞ்சில், நான் ஒரு பெஞ்சில். உள்ளே ஏதாவது ஆகிவிட்டால் சொன்னவள் நான். அவன் சொல்லவேண்டியதே இல்லை, ஆயுசுக்கும் நானே சொல்லிக்கொண்டிருப்பேன்.

இந்த இடத்தில் அத்தியாயத்தை நிறுத்திவிடுங்களேன் மேடம், சிவப்பு விளக்கில் நிறுத்தினால் வாசகர்கள் ஒரு வாரம் துடித்துப்போவார்கள் என்று இந்த வார இதழின் உதவி ஆசிரியர் போனில் கெஞ்சினார். நல்ல பிள்ளை. தொழில் தெரிந்த பிள்ளை. பாண்டியன் சாரிடம் இருந்திருந்தால் எங்கேயோ போயிருப்பார்.

முடியாது என்றேன். அப்பா இந்த இதழை வாரம் தவறாமல் வாங்குகிறார். சிவப்பு விளக்கில் நிறுத்தினால், அறுவை நல்லபடியாக முடிந்ததா என்று கேட்டு எனக்கே போன் போடுவார்.

முடிந்தது. மத்தியானம் விளக்கு அணைந்தது. டாக்டர் வெளியே வந்தார். அவரும் நேராகச் சொல்லவில்லை. முதலில் முகமூடியைக் கழற்றினார், பிறகு கண்ணாடியைத் துடைத்தார். எங்கள் சேனலில் சேர்ந்திருக்கலாம். பிறகுதான், நன்றாக இருக்கிறார் என்றார். அண்ணன் என் பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். நானும் அழுதேன்.

மறுநாள், குழாயெல்லாம் எடுத்த பிறகு ஒரு நர்ஸ் இரக்கப்பட்டு, கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து தன் போனை அவர் காதில் வைத்தார். நான் இந்தப் பக்கம். காற்றாக ஒரு குரல் வந்தது.

"அந்த ராஜினாமா என்னாச்சு?"

"பண்ணிட்டாருப்பா." உண்மைதான். நாங்கள் இல்லை என்று அடித்துச் சொன்ன அந்தத் தலைவர், முரசு எதுவும் இல்லாமல், ஒரு விடுமுறை நாள் பார்த்து ராஜினாமா செய்திருந்தார்.

"பாத்தியா, உங்களுக்கே தெரியல" என்றார் அப்பா.

இப்போது நான் அந்தச் சேனலில் இல்லை. டெல்லியில் வீட்டிலிருந்தபடியே எழுதிக்கொண்டிருக்கிறேன். மூடிய கதவுகளுக்குப் பின்னால் நடப்பது எதுவும் எனக்குத் தெரியாது. அப்பாவும் மணி கடைக்குப் போவதில்லை. வீட்டிலேயே உட்கார்ந்து பார்க்கிறார். விளம்பர நேரத்தில் கூப்பிட்டால் நான் 'தெரியலப்பா' என்பதால், இப்போதெல்லாம் விளம்பரம் முடிந்த பிறகு கூப்பிடுகிறார். எனக்குச் செய்தி சொல்ல.

நேற்றும் கூப்பிட்டார். தமிழ்நாட்டிலிருந்து யாரோ டெல்லிக்கு விரைந்திருக்கிறார்களாம்.

"எதுக்குப்பா?"

"சொல்றேன் இரு. உங்கம்மா காப்பி கொண்டாந்துட்டா."

டம்ளர் வைக்கிற சத்தம் கேட்டது. ஊதிக் குடிக்கிற சத்தம் கேட்டது. போனை அவர் கீழே வைக்கவில்லை, மூச்சுவிடுவதும் கேட்டது. நெஞ்சைக் கீறித் தைத்த மனிதர், அவசரமில்லாமல் குடிக்கிறார். நான் 'அப்புறம்?' என்று கேட்கவில்லை. போனைக் காதில் வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன்.